அயல்மண் தரும் படிப்பு

1851ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் பணக்காரக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த முப்பத்தொரு வயதுப் பெண், ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் உள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். பாதிரியார் தியோடோர் ஃப்ளீட்னரும் அவர் மனைவி ஃப்ரீடரிக்கேயும் 1836இல் தொடங்கிய மருத்துவமனையும், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்களுக்குக் கற்றுத்தரும் இல்லமும் அங்கே இருந்தன. வந்தவர் அநாதைக் குழந்தைகளின் விடுதியில் ஒரு சிறிய அறையில் தங்கினார். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்தார். புண்களுக்குக் கட்டுப் போட்டார், அறுவை சிகிச்சையின்போது உடன் நின்றார், இறந்துகொண்டிருந்தவர்களின் பக்கத்தில் இருந்தார். சொந்த வீட்டில் அவருக்குப் பணிவிடை செய்ய ஆட்கள் இருந்தார்கள். மகள் நர்ஸ் வேலைக்குப் போவது அந்தக் குடும்பத்துக்கு மானக்கேடு. மூன்று மாதம் இருந்துவிட்டு அவர் ஊர் திரும்பினார். அவர் பெயர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல்.

நவீன செவிலியத்தின் வாசலிலேயே வெளிநாடு போய்ப் படித்த ஒரு மாணவி நிற்கிறார். முதுமையில் அந்த நாட்களைத் திரும்பிப் பார்த்து அவர் எழுதியது இன்னும் யோசிக்கத் தக்கது. அங்கே செவிலியம் என்று சொல்ல ஒன்றுமில்லை, சுகாதாரம் படுமோசம் என்றார். அங்கே கண்ட உயர்ந்த மனநிலையையும் தூய ஈடுபாட்டையும் வேறெங்கும் கண்டதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். தொழில்திறனை அந்த ஊர் தரவில்லை என்றால் வேறு எதைத் தந்தது? செவிலியம் படிக்க வெளிநாடு போகும் பிள்ளைகளை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

அதே ஜெர்மனிக்கு இன்று நம் பிள்ளைகள் போகிறார்கள். கேரளத்துக் குடும்பங்களுக்கு அது அறுபது ஆண்டுப் பழக்கம். தமிழ்நாட்டிலும் இப்போது கூடிவருகிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் ‘ஆஸ்பில்டுங்’ எனப்படும் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள், பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் தங்கள் பட்டத்துக்கு அங்கீகாரம் பெறுவதற்காக மறுபடியும் மாணவர்களாகிறார்கள். 2020 முதல் நடப்பில் உள்ள ஜெர்மன் சட்டப்படி அந்த மூன்றாண்டில் 2,100 மணி நேரம் வகுப்பு, 2,500 மணி நேரம் நோயாளிகளிடத்தில் நேரடி வேலை. படிக்கும்போதே மாதாமாதம் உதவித்தொகை வரும். இங்கே மொழி வகுப்பில் பி1, பி2 என்று ஒவ்வொரு படியாக ஏறித் தேர்வெழுதி, வீட்டார் புரட்டிக் கொடுத்த பணத்தில் விசா வாங்கி, இருபதுகளில் இருக்கும் பெண் ஒருத்தி குளிர்காலத்தில் போய் இறங்குகிறாள்.

தேர்வில் பெற்ற மொழி வார்டில் உதவுவதில்லை. பாடப்புத்தகத்து ஜெர்மன் ஒன்று; பவேரியக் கிழவர் பல்செட்டைக் கழற்றிவைத்துவிட்டுப் பேசும் ஜெர்மன் வேறொன்று. பேருந்துக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் நிற்பவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்துக்கிடக்கின்றன. சாயங்காலம் நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் 1954இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் ஆற்றிய உரை ஒன்றில் இந்த நிலையை விளக்கினார். எப்போது கைகுலுக்க வேண்டும், எதை மறுக்கலாம், யார் சொல்வதை நம்பலாம் என்று ஒரு மனிதரை நாள் முழுக்க வழிநடத்தும் ஆயிரம் சின்ன அடையாளங்கள் ஒரேயடியாகக் காணாமல்போவதால் வரும் கலக்கம் அது என்றார். முதலில் புது இடத்தின் மயக்கம், பிறகு எரிச்சலும் ஏக்கமும், பிறகு மெல்ல மெல்லத் தேறுதல், கடைசியில் பொருந்திப்போதல் என்று அதற்கு நான்கு கட்டங்களையும் சொன்னார்.

வெளிநாடு போகும் எல்லோருக்கும் இது பொது. கணினித் துறையில் இருப்பவர் இந்தக் கலக்கத்தோடேயே வேலையை முடித்துவிட முடியும். திரையில் ஓடும் நிரல் எங்கும் ஒன்றுதான். செவிலிய மாணவிக்கு அந்த வசதி இல்லை. அவளுடைய வேலையே மனித உடலோடு, அந்த உடலைச் சுற்றியுள்ள வெட்கத்தோடு, வலியோடு, சாவோடு. பண்பாடு ஆக ஆழமாக வேரோடியிருக்கும் இடங்கள் இவைதான். அங்கே அவள் முதல் நாளே கை வைத்தாக வேண்டும்.

நம் பெரியாஸ்பத்திரிகளில் நோயாளியைச் சேர்க்கும்போது முதலில் கேட்கும் கேள்வி, “கூட யாரு இருக்கா?” அப்படி ஒருவர் இருந்தே தீர வேண்டும். மருந்து வாங்கி வருவதும், கஞ்சி ஊட்டுவதும், துடைத்துவிடுவதும், பெட்பேன் வைப்பதும் அவர் பொறுப்பு. மிச்சத்தை ஆயாம்மா பார்த்துக்கொள்வார். நர்ஸ் ஊசி போடுவார், டிரிப்ஸ் ஏற்றுவார், கேஸ் ஷீட் எழுதுவார். ஜெர்மனியில் கூட இருப்பவர் என்று ஒருவர் கிடையாது. உறவினர்கள் பூங்கொத்தோடு வருவார்கள், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள், போய்விடுவார்கள். முகம் கழுவிவிடுவதிலிருந்து மலம் துடைப்பது வரை எல்லாம் செவிலியர் வேலை. இங்கே அவள் கைதேர்ந்து செய்த நரம்பில் ஊசி ஏற்றும் வேலை அங்கே பல மருத்துவமனைகளில் டாக்டருடையது. நான்கு வருடம் படித்துப் பட்டம் வாங்கியவள் கையில் முதல் நாள் ஒரு வெந்நீர்ப் பாத்திரத்தையும் இரண்டு துண்டையும் கொடுக்கிறார்கள். ‘இதற்கா வந்தேன்?’ என்று அவள் மனம் குமுறுகிறது. ஊருக்குப் போன் செய்யும்போது அதை மட்டும் அம்மாவிடம் சொல்வதில்லை.

அந்தக் குமுறல் அவள் ஒருத்திக்கு மட்டும் உரியதில்லை. உடலின் கழிவைத் தொடும் வேலையை நம் சமூகம் சாதியின் கையில் ஒப்படைத்திருந்தது. தங்களை உயர்த்திக்கொண்ட சாதிகள் நர்ஸ் வேலையை நெடுங்காலம் தீட்டாகவே பார்த்தன. இந்தியாவின் தொடக்ககால நர்சுகளில் கிறிஸ்தவப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் பெரும்பகுதியாக இருந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்த வரலாறு எந்தப் பாடத்திலும் எழுதப்படாமலேயே அவள் கைகளுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. சொந்த ஊரில் இருந்தவரை அது கண்ணில் பட்டதில்லை, ஏனென்றால் அந்த வேலையைச் செய்ய எப்போதும் வேறு யாரோ இருந்தார்கள். அயலூரில் வேறு யாரும் இல்லை. பிறர் பண்பாட்டைப் பார்க்கப் போனவள் தன் பண்பாட்டை எதிரில் பார்க்கிறாள்.

நாட்கள் போகப் போக அந்த வெந்நீர்ப் பாத்திரம் அவளுக்கு வேறொன்றைக் கற்றுத்தருகிறது. நோயாளியைக் குளிப்பாட்டுவது வெறும் சுத்தம் செய்வதாக அங்கே கற்பிக்கப்படுவதில்லை. தோலின் நிறம் மாறியிருக்கிறதா, நேற்றைவிட மூச்சு வாங்குகிறதா, கணுக்காலில் வீக்கம் கூடியிருக்கிறதா, இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்கிறதா என்று அந்தக் கால் மணி நேரத்தில் உடல் முழுவதையும் வாசிக்க வேண்டும். அழுத்தியும் வெளுக்காத சிவப்பு, படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி. அதை அன்றைக்கே கண்டுபிடித்துப் புரட்டிப் படுக்கவைத்தால் பல மாத வேதனை இல்லாமல் போகும். தாழ்ந்த வேலை என்று நினைத்ததற்குள் செவிலியத்தின் கூர்மையான அறிவு இருந்திருக்கிறது. கூச்சம் வழிமறித்த வரைக்கும் அந்த அறிவு அவளிடம் வந்து சேரவில்லை.

இன்னொரு பாடம் அவளுடைய அன்பையே கேள்வி கேட்கிறது. நம் ஊரில் வயதான பெண்ணைப் ‘பாட்டி’ என்றுதான் கூப்பிடுவோம். அதில் மரியாதையும் உண்டு, வாஞ்சையும் உண்டு. ஜெர்மன் முதியோர் இல்லத்தில் அந்த நாட்டு மொழியில் அப்படிக் கூப்பிட்டால் அந்த அம்மாளுக்குச் சுருக்கென்று படும். அவர் ஆசிரியையாக இருந்தவர், கடை நடத்தியவர், திருமதி இன்னார் என்ற பெயரோடு எண்பது ஆண்டு வாழ்ந்தவர். அந்தப் பெயரைப் பிடுங்கிவிட்டுக் கிழவிகளின் கூட்டத்தில் தன்னைச் சேர்த்துவிட்டதாக அவர் எடுத்துக்கொள்வார். நாம் தலைதாழ்த்தி நிற்பதை அடக்கம் என்கிறோம்; அங்கே அது எதையோ மறைப்பதுபோலத் தெரிகிறது. பெரிய டாக்டர் வந்தால் வாய்மூடி நிற்பது இங்கே ஒழுங்கு. அங்கே கேள்வி கேட்காத மாணவிக்கு அக்கறை இல்லை என்று பொருள்.

புற்றுநோய் உறுதியானால் நம் குடும்பங்கள் டாக்டரைத் தனியே அழைத்து, “அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்று கைகூப்பும். பாரத்தை நோயாளியின் தலையில் ஏற்றாமல் வீடே சேர்ந்து சுமப்பது நம் வழி. ஜெர்மனியில் நோயாளியிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர் அனுமதி இல்லாமல் மகனிடம்கூடச் சொல்லக் கூடாது. மாணவி முதலில் இதைக் கொடுமை என்று நினைக்கிறாள். தன் கடைசி மாதங்களைத் தானே திட்டமிட்டு, யாரைப் பார்க்க வேண்டும், எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று எழுதிவைத்துவிட்டு அமைதியாக இருக்கும் ஒருவரைக் கவனித்துக்கொள்ளும்போது அந்தக் கருத்து ஆட்டம் காண்கிறது. ஊரில் எதுவும் தெரியாமலே போய்ச்சேர்ந்த தன் தாத்தாவுக்கு உண்மையில் தெரிந்திருந்ததோ, தெரிந்தும் தங்களுக்காக நடித்தாரோ என்று அவள் முதல்முறையாக யோசிக்கிறாள். இரு வழிகளிலும் அன்பு இருக்கிறது. இரு வழிகளிலும் யாரோ ஒருவர் தனித்து விடப்படும் ஆபத்தும் இருக்கிறது. இயல்பு என்று அவள் நம்பியிருந்தது பழக்கம் என்று தெரியவரும் கணம், மனத்தை வலிக்கச் செய்யும், விரியவும் செய்யும்.

இதுவரை சொன்னதெல்லாம் அவள் பார்த்துக் கற்றவை. இவற்றைவிட ஆழமானது, அவளுக்கே நேர்வது.

ஊரில் அவள் வகுப்பில் முதல் மாணவி, மேடையில் பேசியவள். அங்கே பேச வாய் திறந்தால் குழந்தையின் சொற்கள்தான் வருகின்றன. எதிரில் இருப்பவர்கள் அவளிடம் மெதுவாகவும் சத்தமாகவும் பேசுகிறார்கள். அவள் எதிரிலேயே அவளைப் பற்றி மற்றவரிடம் கேட்கிறார்கள். பாதி புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுகிறாள், மறுபடி கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்ற பயத்தில். மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரித்து வைக்கிறாள். உள்ளே இருக்கும் முழு மனுஷியை வெளியே காட்ட வழியில்லாமல் இரவில் அழுகிறாள்.

இதை அப்படியே ஒரு நோயாளிக்குப் பொருத்திப் பாருங்கள். ஊரில் நாலு பேர் மதிக்க வாழ்ந்த விவசாயி ஒருவர் சென்னைப் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறார். வேட்டி சட்டையைக் கழற்றச் சொல்கிறார்கள். யாரோ உடுத்திய அங்கியை உடுத்துகிறார். பெயர் போய்ப் படுக்கை எண் வருகிறது. அவர் உடம்பைப் பற்றி அவர் தலைக்கு மேலே புரியாத மொழியில் பேசிக்கொள்கிறார்கள். எப்போது விழிக்க வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும் என்பதை வேறொருவர் கடிகாரம் சொல்கிறது. டாக்டர் “புரிஞ்சுதா?” என்றால் தலையாட்டுகிறார். எதுவும் புரியவில்லை, கேட்கப் பயம். தன் சொந்த மாநிலத்தில், தன் தாய்மொழி பேசுகிறவர்களுக்கு நடுவில், அவர் அயலூரார்.

நோயாளிகள் எல்லோருமே அயலூரார்தான். மருத்துவமனை என்பது தனக்கென்று மொழியும் உடையும் நேரமும் படிநிலையும் கொண்ட ஒரு நாடு. அங்கே பிறந்து வளர்ந்த குடிமக்கள் மருத்துவரும் செவிலியரும். எவ்வளவு நல்ல நர்சாக இருந்தாலும் அந்த நாட்டின் குடியுரிமை அவர் கண்ணை மறைத்துவிடும். வெளிநாட்டில் படிக்கும் மாணவிக்குச் சில மாதங்களுக்கேனும் அந்தக் குடியுரிமை இல்லாமல் போகிறது. வெள்ளைச் சீருடையில் இருந்தபடியே அவள் நோயாளியின் இடத்தில் வாழ்கிறாள். மறதி நோயில் சொற்களை இழந்துவிட்ட முதியவரும் இன்னும் சொற்களைச் சேர்த்து முடிக்காத மாணவியும் ஒரே அறையில் இருக்கும்போது, இலக்கணம் சரியாகப் பேசும் மூத்த நர்சுக்குக் கிடைக்காத ஒத்துழைப்பு சில வேளை அவளுக்குக் கிடைக்கிறது. கையின் வேகத்தையும் முகத்தின் பொறுமையையும் கொண்டு பேச அவள் பழகியிருக்கிறாள். அவருக்கும் அந்த மொழி மட்டுமே மிச்சம் இருக்கிறது. கைசர்ஸ்வெர்த் நைட்டிங்கேலுக்குத் தந்ததும் இதைப் போன்ற ஓர் இடமாற்றமாகவே எனக்குத் தோன்றுகிறது: பணிவிடை பெறும் இடத்திலிருந்து பணிவிடை செய்யும் இடத்துக்கு அவரை அது நகர்த்தியது. அதைச் சொந்த வீடு தந்திருக்காது.

ஆனால் அயல்நாடு போன எல்லோரும் இதைக் கற்றுத் திரும்புவதில்லை. பாதி வழியில் ஒரு குறுக்குப்பாதை காத்திருக்கிறது. அதன் பெயர் பட்டியல்.

மார்க் ஸ்பொரொவ்ஸ்கி என்ற ஆய்வாளர் 1952இல் நியூயார்க்கில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை நோயாளிகளிடம் வலியைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். யூத, இத்தாலியக் குடும்பத்தவர் வலியை வெளிப்படையாகக் காட்டினார்கள். ஐரிஷ்காரர்களும் பல தலைமுறை அமெரிக்கர்களும் அடக்கிக்கொண்டார்கள். வெளிப்படையாகக் காட்டிய இரு சாராரிடையேயும் வேறுபாடு இருந்தது: இத்தாலியருக்கு வலி நின்றால் போதும், யூதருக்கோ இந்த வலி எதன் அறிகுறி, நாளைக்கு என்ன ஆகும் என்ற கவலை தீர வேண்டும். வலி என்பது வெறும் நரம்பின் சங்கதி இல்லை என்று காட்டிய வகையில் இது முக்கியமான வேலை. அதே 1950களில் மேட்லின் லெனிங்கர் என்ற அமெரிக்கச் செவிலியர் சின்சினாட்டி நகரில் மனநலச் சிகிச்சை பெற்ற குழந்தைகளைக் கவனித்துவந்தார். வெவ்வேறு பண்பாட்டிலிருந்து வந்த குழந்தைகள் ஒரே விதக் கவனிப்புக்கு வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதைப் பார்த்துத் தன் படிப்பில் ஏதோ குறைகிறது என்று உணர்ந்தார். மானிடவியல் படித்தார், பப்புவா நியூகினியின் மலைப்பகுதியில் கட்சுப் மக்களோடு அவர்கள் கிராமத்தில் போய் வாழ்ந்தார், 1965இல் முனைவரானார். பண்பாடுகளைக் கடந்த செவிலியம் என்ற துறையே அவரால் பிறந்தது.

அந்த அறிவு பாடத்திட்டத்துக்குள் நுழைந்தபோது பல இடங்களில் சுருங்கிப்போனது. இந்த இனத்தார் இப்படி, அந்த மதத்தார் அப்படி என்று மனப்பாடம் செய்யும் அட்டவணை ஆயிற்று. அட்டவணையைக் கற்றவர் எதிரில் இருக்கும் ஆளைப் பார்ப்பதை விட்டுவிடுவார். ‘இத்தாலியர்கள் கத்துவார்கள்’ என்று தெரிந்துகொண்ட நர்ஸ், ஓர் இத்தாலியர் உண்மையிலேயே உயிர்போகும் வலியில் கத்தும்போது எழுந்து வர மாட்டார். அறியாமை செய்யும் கேட்டைவிட அரைகுறை அறிவு செய்யும் கேடு பெரிது, ஏனென்றால் அறியாமைக்குக் கேட்கத் தோன்றும்.

இதைத் தாண்டிப் போகும் வழியை உலகுக்குக் காட்டியது நியூஸிலாந்து, அங்கும் அந்தக் கேள்வியை எழுப்பியவர் ஒரு மாணவி. 1988இல் கிறைஸ்ட்சர்ச்சில் மாவோரி மக்களும் செவிலியக் கல்வியாளர்களும் கூடிய கூட்டத்தில், முதலாண்டு படிக்கும் மாவோரிப் பெண் ஒருவர் எழுந்தார். சட்டத்தின்படி பாதுகாப்பு, அறநெறியின்படி பாதுகாப்பு, சிகிச்சையில் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, பண்பாட்டின்படி பாதுகாப்பு என்ன ஆயிற்று என்று கேட்டார். தன் சொந்த மண்ணிலேயே வேற்றுப் பண்பாட்டின் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர் அவர். மாவோரிகளுக்குத் தலை புனிதமானது. தலைக்கு வைக்கும் தலையணையைக் காலுக்கு அண்டக் கொடுத்தால் அது அவமதிப்பு. பிரசவத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடியைத் தங்கள் நிலத்தில் புதைக்க வேண்டும் அவர்களுக்கு. நம் கிராமங்களிலும் முன்பு அதைக் குப்பையில் எறிந்ததில்லை. மருத்துவமனைகள் இவை எதையும் கேட்காமல், நல்ல எண்ணத்தோடும் சுத்தமான கையுறைகளோடும், தலைமுறை தலைமுறையாக அந்த மக்களைக் காயப்படுத்தியிருந்தன. அவர்களில் பலர் நோய் முற்றும்வரை ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் இருந்தார்கள்.

இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரிச் செவிலியர் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். 1992இல் நியூஸிலாந்துச் செவிலியர் மன்றம் பண்பாட்டுப் பாதுகாப்பைச் செவிலியக் கல்வியின் கட்டாயப் பகுதியாக்கியது. பத்திரிகைகளிலும் அரசியலிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது; ராம்ஸ்டன் அசரவில்லை. மாவோரிப் பழக்கங்களைப் பட்டியலிட்டு மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. மாணவர்கள் முதலில் தங்களைப் பார்க்க வேண்டும் என்றார்: தாங்களும் ஒரு பண்பாட்டைச் சுமந்துகொண்டுதான் படுக்கையருகே வருகிறோம், அந்தப் பண்பாட்டுக்கு அந்த அறையில் அதிகாரம் இருக்கிறது. இதிலிருந்து அவர் சென்று சேர்ந்த முடிவு இன்னும் துணிச்சலானது. ஒரு கவனிப்பு பாதுகாப்பானதாக இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் செவிலியரும் இல்லை, மேற்பார்வையாளரும் இல்லை. அந்தக் கவனிப்பைப் பெற்றவர்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு, வெளிநாட்டில் செவிலியம் படிப்பதையே அளந்துபார்க்க வேண்டியிருக்கிறது. பணக்கார நாடுகளின் மாணவர்கள் சில வாரங்களுக்கு ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வருகிறார்கள். பலர் பணிவோடு வந்து நிறையக் கற்றுக்கொண்டு போகிறார்கள். தம் நாட்டில் தொட அனுமதிக்காத வேலைகளை இங்கே ஏழை உடல்களில் செய்து பழகிப்போகிறவர்களும் உண்டு. அந்த ஏழைத் தாயிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. எதிர்த்திசையில் போகிறவர்களின் கதை வேறு. 1960களில் கத்தோலிக்கத் திருச்சபை வழியாகக் கேரளத்துச் சிறுமிகள், பதினெட்டு வயதும் நிரம்பாதவர்கள்கூட, செவிலியம் படிக்க மேற்கு ஜெர்மனிக்குப் போனார்கள். 1966 முதல் 1976 வரை தென் கொரியாவிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகள் போனார்கள். ஜெர்மன் முதியவர்களின் உடலை அவர்கள் கவனித்துக்கொண்டார்கள்; 1970களில் பொருளாதாரம் தளர்ந்ததும் அவர்களில் பலருக்கு அனுமதியை நீட்டிக்க மறுத்தார்கள். கொரிய நர்சுகள் தெருவில் இறங்கிக் கையெழுத்து வாங்கிப் போராடித்தான் தங்கும் உரிமை பெற்றார்கள். மாற வேண்டியவர், பழக வேண்டியவர், புரிந்துகொள்ள வேண்டியவர் எப்போதும் வந்தவரே என்று அந்த ஏற்பாடு எடுத்துக்கொண்டிருந்தது.

வரவேற்கும் நாட்டுக்கும் இதில் பாடம் உண்டு. புதிதாக வந்த மாணவியின் கண்ணுக்கு, உள்ளூர்க்காரர்கள் பழகிப்போய்ப் பார்க்காமல் விட்டவை தெரியும். யாரும் வராத முதியவர்களின் ஞாயிற்றுக்கிழமைகளை அவள் பார்க்கிறாள். கூட ஓர் ஆள் இருந்தால் பாதி மருந்து தேவைப்படாதே என்று நினைக்கிறாள். அவளிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வார்டு வளரும். இலக்கணத்தைத் திருத்துவதோடு நின்றுவிடும் வார்டு, வீட்டு வாசலுக்கு வந்த அறிவைத் திருப்பி அனுப்பிவிடும்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டுகளில் இன்று ஒடியாவிலும் இந்தியிலும் வலியில் அழுகிறார்கள். கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனி வேலைக்கும் வந்த குடும்பங்கள் அவை. கூட இருக்கப் பெண்கள் யாரும் இல்லை. புருஷனை உள்ளே விடுவதில்லை. சொல்வது புரியாமல் விழிக்கும் அந்தப் பெண்ணைப் பார்த்து நம் சிஸ்டர் குரலை உயர்த்துகிறார். ஜெர்மனியில் நம் பிள்ளையிடம் குரலை உயர்த்தினால் நமக்கு நெஞ்சு பதறுகிறதே, அதே பதற்றம் இங்கே ஏன் வரவில்லை? நீலகிரியில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை இதற்கு விடை ஒன்றை வைத்திருக்கிறது. பழங்குடிப் பெண்களுக்கே செவிலியப் பயிற்சி தந்து, வார்டுக்குள் நுழையும் பணியருக்கும் காட்டுநாயக்கருக்கும் தங்கள் மொழி பேசும் முகம் முதலில் தெரியும்படி அங்கே செய்தார்கள். ஆஸ்பத்திரி என்ற அயல்நாட்டின் எல்லைக்கோட்டையே நோயாளிக்காக நகர்த்தி வைத்த காரியம் அது.

அதனால் விமானம் ஏறினால்தான் இந்தப் படிப்பு கிடைக்கும் என்பதில்லை. ஏறினவர்களுக்கு அது தப்பிக்க முடியாதபடி கிடைக்கிறது, அவ்வளவுதான். ஏறாதவர்களுக்கு நம் கல்லூரிகள்தான் அதைத் தேடித் தர வேண்டும்: தன் மொழி பேசாத நோயாளியுடன் உட்காரவைத்து, தனக்குக் கூச்சம் தரும் வேலையைச் செய்யவைத்து, செய்து முடித்தபின் அது எப்படி இருந்தது என்று நோயாளியிடமே கேட்கவைத்து. நம் செவிலியக் கல்வியில் ஆக அரிதாகக் கேட்கப்படும் கேள்வி இந்தக் கடைசிக் கேள்வி.

திறமையை உள்ளூரிலேயே கற்கலாம். நல்ல ஆசிரியரும் நல்ல வார்டும் இருந்தால் போதும். அயல்மண் கற்றுத்தருவது திறமைக்கு முன்னால் இருக்க வேண்டிய ஒன்றை. எனக்கு இயல்பானது எல்லோருக்கும் இயல்பு என்ற நம்பிக்கையை அது உடைக்கிறது. அந்த நம்பிக்கை உடையாதவரை, எவ்வளவு அன்போடு செய்தாலும், நாம் செய்வது நமக்குப் பிடித்த கவனிப்பாகத்தான் இருக்கும். அது உடைந்த பிறகே எதிரில் படுத்திருப்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் தேவை பிறக்கிறது. ஒரு செவிலியர் எங்கே படித்தார், எத்தனை மொழி பேசுவார், என்ன சான்றிதழ் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அவர் வார்டுக்குள் நுழையும்வரை செல்லுபடியாகும். நுழைந்த பிறகு, அவர் தந்தது கவனிப்புதானா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை அதைப் பெற்றவருக்கே உண்டு. அந்த உரிமையை மனமார அவர் கையில் கொடுக்கத் தெரிந்தவரே செவிலியர்.